கோரின் ஹேலுக்காக நின்றவள்

மேவிஸ் டக்கெட்டின் வேலை நிற்பது. சில நாள் உட்காருவது. ஒரு படத்தில் மட்டும் குதிரை வண்டிக்குள் இரண்டு நாள் மயங்கினவளாகக் கிடந்தாள். லண்டனுக்கு மேற்கே, பஸ் கடைசியாக நிற்கும் இடத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வரும் ஸ்டுடியோவில் பதினோரு வருடமாக அவளுக்கு இதுதான் பிழைப்பு. கதாநாயகி கோரின் ஹேல் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே தரையில் சாக்பீஸால் கோடு போட்டிருக்கும். மேவிஸ் முதலில் போய் அதில் நிற்பாள். கேமராமேன் ஆக்டன் அவள் மூக்கின் நிழலையும் கன்னத்தின் மினுக்கத்தையும் பார்த்துப் பார்த்து லைட்டுகளை ஏற்றி இறக்கி ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார். எல்லாம் சரியானதும் மேவிஸ் நகர்ந்துகொள்வாள். கோரின் ஹேல் மேக்கப் கலையாமல் வந்து அதே கோட்டில் நின்று இரண்டு நிமிடம் நடித்துவிட்டுப் போவாள். சூடு இவளுக்கு, பெயர் அவளுக்கு.

இதில் மேவிஸுக்குக் குறை ஒன்றும் இருக்கவில்லை. உலக யுத்தத்துக்குமுன் பிஸ்கட் தொழிற்சாலையில் டப்பா ஒட்டிக்கொண்டிருந்தவள். கட்டிக்கொள்வதாக இருந்தவன் கப்பலோடு போனான், திரும்பவில்லை. கோரின் ஹேலின் உயரமும் தோளும் கழுத்தும் இவளுக்கும் அமைந்திருந்தன. அதனால் வேலை கிடைத்தது. மாதம் ஒருமுறை ஸ்டுடியோவிலேயே அவள் தலைக்குத் தேன் நிறச் சாயம் பூசிவிடுவார்கள். அந்தத் தலையோடு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் வாங்கப் போனால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

மேவிஸுக்குக் கோரின் மேல் உயிர். அவளுக்கு மட்டுமென்ன, அந்த ஸ்டுடியோவில் எல்லோருக்குமே அப்படித்தான். காலையில் வந்ததும் கோரின், லைட் தூக்குகிறவன் வரை ஒவ்வொருவனுக்கும் பெயர் சொல்லி வணக்கம் சொல்வாள். யாருக்குப் பல்வலி, யார் மனைவிக்குப் பிரசவம் என்றெல்லாம் நினைவு வைத்துக் கேட்பாள். தேநீர் வண்டி வந்தால் வரிசையில் நின்று தன் கோப்பையைத் தானே வாங்கிக்கொள்வாள். தங்கமான பெண் என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு, கூடவே ஒரு பெருமூச்சும் விட்டார்கள். அந்தப் பெருமூச்சு அவள் கணவன் டெஸ்மண்ட் பர்ஃபிட்டுக்கு உரியது.

டெஸ்மண்ட் முன்பு குளிர்சாதனப் பெட்டி விற்றவன். அதையாவது உருப்படியாக விற்றானா என்று யாருக்கும் தெரியாது. கோரினைக் கட்டிக்கொண்டதிலிருந்து அவனுக்குத் தொழில் கோரின்தான். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு, கழுத்தில் பட்டுத்துணி சுற்றிக்கொண்டு, கேமராவுக்கு இரண்டடி தள்ளி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். சட்டைப் பையில் பழுப்பு நிறத் தோல் நோட்டு ஒன்று. பென்சிலை நூலில் கட்டி அதோடு தொங்கவிட்டிருப்பான். யாரும் எட்டிப் பார்த்துவிடாதபடி நெஞ்சோடு அணைத்து அதை விரிப்பான். விரித்தான் என்றால் டைரக்டருக்கு அன்று பொழுது போச்சு.

அவன் பேச்சில் எப்போதும் ‘நாங்க’தான். “இந்த சீன்ல நாங்க அழ மாட்டோம்.” “நாங்க இடது பக்கம்தான் திரும்புவோம்.” “நேத்து எங்களுக்கு நாலு க்ளோசப், அந்தப் பொண்ணுக்கு அஞ்சு. எண்ணிப் பார்த்துட்டோம்.” தங்கையாக நடிக்க வந்த சின்னப் பெண்ணுக்கு நீலக் கவுன் எடுப்பாக இருந்தது. மறுநாள் டெஸ்மண்ட் நோட்டைப் பார்த்தான், கவுன் பழுப்பாக மாறியது. அந்தப் பெண் மறைவில் போய் அழுதது. கோரினே போய் அவளைக் கட்டிப்பிடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

“ஆம்பிளையா இவன்? பொண்டாட்டி மூஞ்சிக்குப் பவுடர் போதுமான்னு பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கான்,” என்பான் வில்ஃப். செட்டில் உள்ள மேசை நாற்காலி, ஜாடி, சாம்பல் கிண்ணம் எல்லாம் வில்ஃப்பின் பொறுப்பு. யூனியனில் மூத்த ஆள், யாருக்கும் பயப்படாத நாக்கு. “அந்தம்மாவுக்கு என்ன தலையெழுத்துன்னு இவனக் கட்டிக்கிச்சு?”

“நல்லவங்களுக்குத்தான் இப்படி வந்து வாய்க்கும்,” என்பாள் மேவிஸ்.

இன்னொரு வேலையும் மேவிஸ் செய்தாள், அதற்கு யாரும் அவளைக் கூப்பிடவில்லை, தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. ரசிகர்களுக்கு அனுப்பும் போட்டோக்களில் கையெழுத்துப் போடுவாள். கோரின் ஒருமுறை கை வலிக்கிறது என்று சொன்னாள், அவ்வளவுதான். சாப்பாட்டு நேரத்தில் கேண்டீன் மூலையில் உட்கார்ந்து, கோரின் எழுதிக்கொடுத்த நாலு கடிதங்களை முன்னால் வைத்துக்கொண்டு, அவள் எழுத்தை அச்சு அசலாகப் பழகினாள். எழுத்துகளின் வால் எல்லாம் இடப்பக்கமாகச் சுருளும். வாக்கியம் முடிகிற இடத்தில் புள்ளி வைக்காமல் ஒரு சின்னக் கோடு இழுத்திருக்கும். அந்தக் கையெழுத்து கோரினைவிட மேவிஸுக்குத்தான் நன்றாக வந்தது.

நீலக் கவுன் பழுப்பான அந்தக் கலர் படம் 1956இல் எடுத்தது. அதில் கோரினுக்கு இருபத்தாறு வயதுப் பெண் வேடம். அவளுக்கு நாற்பத்திரண்டு ஆகியிருந்தது. தோட்டத்துக் காட்சி. மேவிஸ் பிரம்பு நாற்காலியில், கோரினின் தொப்பியும் வலையும் போட்டு உட்கார்ந்திருந்தாள், ஆக்டன் லைட் வைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பத்திரிகைக்காரன் உள்ளே நுழைந்தான். நேராக நாற்காலிக்கு வந்து குனிந்தான்.

“மிஸ் ஹேல், தப்பா நினைக்காதீங்க. படத்துல பார்க்கறதவிட நேர்ல பத்து வயசு கம்மியாத் தெரியறீங்க.”

“நான் அவங்க இல்லைங்க,” என்றாள் மேவிஸ். “லைட்டுக்காக உக்காந்திருக்கேன். அவங்க உங்களுக்குப் பின்னால நிக்கறாங்க.”

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. கோரின்தான் காப்பாற்றினாள். கலகலவென்று சிரித்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க மேவிஸ் அழகிதானே? எனக்குத் தங்கச்சி மாதிரி,” என்று சொல்லி அவனை அழைத்துப் போனாள். என்ன பெருந்தன்மை என்று எல்லோரும் மெச்சினார்கள். மேவிஸும் மெச்சினாள்.

மூன்றாம் நாள் டெஸ்மண்ட் நோட்டோடு வந்தான்.

“நாங்க யோசிச்சுப் பார்த்தோம் மேவிஸ். நீ வேண்டாம். லைட்டு எல்லாம் உன் முகத்துக்கு சரியா விழுது, எங்க முகத்துக்கு விழல.”

“எந்த முகம் சார்?” என்றான் பக்கத்தில் ஜாடி துடைத்துக்கொண்டிருந்த வில்ஃப். “மேடம் முகமா, உங்க முகமா?”

டெஸ்மண்ட் அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. “இனிமே நானே நிக்கறேன். என் பொண்டாட்டி முகம் எப்படி இருக்கணும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?”

மேவிஸுக்கு வயது முப்பத்தொன்பது. மற்ற நடிகைகளுக்கு அவரவர் பதிலாள் இருக்கிறார்கள். பிஸ்கட் தொழிற்சாலையில் பதினெட்டு வயதுப் பெண்களைத்தான் எடுக்கிறார்கள். நிற்பதைத் தவிர வேறெதுவும் தெரியாமல் பதினோரு வருடம் போயிருந்தது, அதுவும் ஒரே ஒருத்திக்காக நின்றே போயிருந்தது.

கோரின் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அழுதாள். “அவர் ஒரு முடிவு எடுத்துட்டா நான் என்ன சொன்னாலும் காதுல ஏறாது மேவிஸ். உனக்குத் தெரியாததா?” மேசை இழுப்பறையைத் திறந்து சாம்பல் நிறக் கையுறை ஒரு ஜோடியை எடுத்து அவள் கையில் வைத்து அழுத்தினாள். “இத வச்சுக்கோ. என்னை நினைச்சுக்கோ.” வேலை போன மேவிஸ் உட்கார்ந்து கோரினைச் சமாதானப்படுத்தினாள். அவ்வளவு பைத்தியம் அவள்.

நோட்டீஸ் கொடுத்த பிறகும் ஒரு வாரம் வேலைக்கு வந்து காட்ட வேண்டும் என்பது அங்கே விதி. ஆகவே சாம்பல் கையுறையைப் போட்டுக்கொண்டு மேவிஸ் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள், டெஸ்மண்ட் அவள் வேலையைச் செய்யும் அழகைப் பார்த்தாள்.

டெஸ்மண்ட் ஆறடி. கோரின் ஐந்தடி நாலங்குலம். கோட்டில் வந்து நின்று முழங்காலை மடக்கிப் பார்த்தான். மடக்கினால் ஆடினான். ஆடினால் நிழல் ஆடியது. தொப்பி நிழல் எங்கே விழுகிறது என்று தெரிய வேண்டும் என்றார் ஆக்டன், முகத்தில் சிரிப்பே காட்டாமல். கோரினின் வலை வைத்த தொப்பியை அவன் தலையில் மாட்டினார்கள். கழுத்துப் பட்டுத்துணியோடு, வியர்த்து வழிந்துகொண்டு, மீசைக்கு மேல் வலை தொங்க, அரை முழங்காலில் அவன் நின்ற கோலத்தைப் பார்க்கப் பக்கத்துச் செட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். தேநீர் வண்டிக்காரி வண்டியை நிறுத்திவிட்டு நின்றாள்.

“சார், கொஞ்சம் வெக்கப்படற மாதிரி நில்லுங்க,” என்றான் மேலே லைட்டுக்காரன் ஒருவன்.

ஆக்டன் நினைத்திருந்தால் கோரின் வந்து நின்றதும் லைட்டை இறக்கியிருக்கலாம். அவர் இறக்கவில்லை. மிஸ்டர் பர்ஃபிட் ஒப்புக்கொண்ட லைட் என்று குறித்து வைத்துவிட்டு அப்படியே எடுத்தார். மறுநாள் எடுத்ததைத் திரையில் போட்டுப் பார்த்தார்கள். கோரினின் தொப்பிப் பூக்கள் ஜொலித்தன. முகம் இருட்டாக இருந்தது. டெஸ்மண்ட் ஆக்டனைத் திட்டினான், ஃபிலிமைத் திட்டினான், தொப்பி தைத்தவளையும் விடவில்லை.

புதன்கிழமை உட்காரும் காட்சி. உட்கார்ந்தால் உயரம் சரியாகிவிடும் என்ற தெம்போடு டெஸ்மண்ட் வந்தான். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து நோட்டை விரித்துப் பார்த்தான். எழுந்து, குனிந்து, நாற்காலியைத் தன் இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கம் இரண்டங்குலம் இழுத்துப் போட்டான்.

செட் அப்படியே நின்றது. சுத்தியல் நின்றது, பேச்சு நின்றது. வேறு ஊரில் இது ஒரு விஷயமா? அங்கே அது விஷயம். நாற்காலியைத் தொட வேண்டியவன் வில்ஃப். லைட்டைத் தொட வேண்டியவன் வேறு. டைரக்டரே ஆனாலும் சாம்பல் கிண்ணத்தை நகர்த்த வேண்டுமென்றால் வில்ஃப்பைத்தான் கூப்பிட வேண்டும். சின்னக் குழந்தைக்கும் தெரிந்த இந்த விஷயம், பதிமூன்று வருடம் செட்டில் குந்திக்கொண்டிருந்த டெஸ்மண்டின் மண்டையில் ஏறியிருக்கவில்லை.

வில்ஃப் நிதானமாக வந்தான். நாற்காலியைப் பார்த்தான், அவனைப் பார்த்தான்.

“என் நாற்காலி சார் அது.”

“ரெண்டு அங்குலம்தானே.”

“ரெண்டு அங்குலமோ ரெண்டு மைலோ. என் வேலையை நீங்க பார்க்கறீங்க, மேவிஸ் வேலையையும் நீங்களே பார்க்கறீங்க. யூனியன் கார்டு வச்சிருக்கீங்களா?” வில்ஃப் திரும்பி எல்லோரையும் பார்த்துச் சொன்னான், “உக்காருங்கப்பா எல்லாரும்.”

எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு லைட்டாக அணைந்தது. டெஸ்மண்டுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. “நாற்காலி எங்க இருக்கணும்னு தெளிவா எழுதியிருக்கு, கண் இருந்தா பாரு,” என்று நோட்டை வில்ஃப்பின் காலடியில் விட்டெறிந்துவிட்டு ஆபீசுக்கு ஓடினான். நோட்டு தரையில் வழுக்கிக்கொண்டு போய்ப் பெஞ்சடியில் நின்றது. வில்ஃப் அதைச் சீந்தவில்லை, தேநீர் வண்டியைப் பார்க்கப் போய்விட்டான். மேவிஸ் குனிந்து எடுத்தாள். விரிந்திருந்த பக்கம் கண்ணில் பட்டது.

நாற்காலி இடப்பக்கம் இரண்டங்குலம், என்று எழுதியிருந்தது. எழுத்துகளின் வால் இடப்பக்கம் சுருண்டிருந்தது. முடிவில் புள்ளி இல்லை, சின்னக் கோடு.

அவள் பக்கத்தைப் பின்னால் தள்ளினாள். டெஸ்மண்டின் எழுத்து என்று ஒரு வரிகூட இல்லை. ‘தங்கச்சியின் நீலக் கவுன் வேண்டாம். அவள் அழுதால் நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.’ ‘க்ளோசப் எண்ணுங்கள்.’ ‘டைரக்டரிடம் கோபமாகப் பேசுங்கள், நான் வந்து உங்களை அடக்குகிறேன்.’ இன்னொரு பக்கத்தில், பத்திரிகைக்காரன் வந்த தேதியின் கீழ் இருந்தது: ‘மேவிஸ் போக வேண்டும். நீங்கள் சொல்லுங்கள். நான் அழுகிறேன். சாம்பல் கையுறையைக் கொடுத்துவிடலாம், அது விரலில் இறுக்கம்.’

மேவிஸ் தன் கையைப் பார்த்தாள். இறுக்கம்தான், அவளுக்கும் முதல் நாளே தெரிந்தது. தெரிந்தும் போட்டுக்கொண்டிருந்தாள். பதினோரு வருடம் அந்த எழுத்தைப் பழகிப் பழகி ஆயிரக்கணக்கான போட்டோவில் ‘அன்புடன்’ என்று போட்ட தன் முட்டாள் கையை நினைத்தபோதுதான் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

சிறிது நேரத்தில் டெஸ்மண்ட் நோட்டைத் தேடிக்கொண்டு திரும்பி வந்தான். மேவிஸ் எழுந்து நீட்டினாள்.

“படிச்சியா?”

“படிச்சேன்.”

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். “யார்கிட்டயும் சொல்லாத மேவிஸ். கெஞ்சிக் கேக்கறேன்.”

“மேடம் பேர் கெட்டுடுமேன்னா?”

“அது இல்ல.” டெஸ்மண்ட் வலைத் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். “இங்க எல்லாரும் என்னைப் பார்த்தா பயப்படறாங்க. கொடுமைக்காரன்னு திட்டறாங்க. திட்டட்டும். எழுதிக் குடுத்தத ஒப்பிக்கறவன்னு தெரிஞ்சா என்னை யார் மதிப்பாங்க?”

அதுவரை மேவிஸ் அவனை வெறுத்திருந்தாள். வெறுப்பதற்கும் ஒரு ஆள் வேண்டும், அங்கே ஆளே இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. பேச்சும் கோரின் எழுதியது, கோபமும் கோரின் எழுதியது. இவனுக்குச் சொந்தமாக இருந்தது அந்த ‘நாங்க’ ஒன்றுதான், அதிலும் பாதி அவளுடையது. மேவிஸ் திரும்பிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. கார்டு இல்லாதவன் கோட்டில் நிற்கக் கூடாது, மேவிஸ் டக்கெட் திரும்ப வேண்டும், உடனே. வில்ஃப் நாற்காலியைத் துடைத்து, அது இருந்த பழைய இடத்திலேயே போட்டான். எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோரின் ஓடிவந்து மேவிஸைக் கட்டிக்கொண்டாள். கண்ணில் நீர் தயாராக இருந்தது.

“ராத்திரி எல்லாம் அவரோட சண்டை மேவிஸ். நீ இல்லாம நான் கேமரா முன்னால வரவே மாட்டேன்னு சொல்லிட்டேன்.”

“தங்கமான மனசு,” என்றான் வில்ஃப், யாருக்கும் அடங்காத வில்ஃப்.

மேவிஸ் கையுறைகளை ஒவ்வொரு விரலாக உருவினாள். மடித்துக் கோரினின் உள்ளங்கையில் வைத்தாள். “வேலை திரும்பக் கெடைச்சிடுச்சுங்க. இது இனி வேண்டாம். எனக்கும் இறுக்கமா இருக்கு.”

கோரினின் சிரிப்பு மாறவில்லை. கண் மட்டும் மேவிஸின் தோளுக்கு மேலாக டெஸ்மண்டிடம் போயிற்று. அவன் தரையைப் பார்த்தான். மேவிஸ் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள், ஆக்டன் லைட் போட்டார்.

அன்றிலிருந்து அவள் போட்டோவில் கையெழுத்துப் போடவில்லை. கை வலி என்று சொல்லிவிட்டாள். யாரிடமும் எதையும் சொல்லவுமில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? நிற்கிறவளுக்கு நடிகை மேல் பொறாமை என்பார்கள்.

திங்கட்கிழமை டெஸ்மண்ட் நோட்டோடு வந்தான். மேவிஸ் வெளிச்சத்துக்கு நடுவில் கோட்டில் நின்றிருந்தாள். கோரின் பத்தடி தள்ளி உட்கார்ந்து முகத்துக்குப் பவுடர் ஒற்றிக்கொண்டிருந்தாள். இந்த முறை ஆபீசையும் யூனியனையும் முறையாகக் கேட்டு, மேவிஸ் இடத்துக்கு வேறொரு கார்டுக்காரியைப் பார்த்து வைத்திருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரியவந்தது.

“நாங்க யோசிச்சுப் பார்த்தோம் மேவிஸ், இந்தப் படம் முடிஞ்சதும்...”

“சார்,” என்றாள் மேவிஸ், கோட்டை விட்டு அசையாமல், மேலே லைட்டுக்காரர்கள் வரை கேட்கும் குரலில். “அத மேடமே வந்து சொல்லட்டும். பத்தடிதான். போன்னு அவங்க வாயால ஒரு வார்த்தை சொன்னா, இந்தப் படத்துக்குக்கூட இருக்க மாட்டேன். இப்பவே என் மேல்கோட்ட மாட்டிக்கிட்டுக் கெளம்பிடறேன்.”

எல்லோரும் கோரினைத் திரும்பிப் பார்த்தார்கள். வில்ஃப் பார்த்தான், ஆக்டன் பார்த்தார், பழுப்புக் கவுன் போட்ட பெண் பார்த்தது. அத்தனை முகத்திலும் பாசம். இந்த மனுஷனை இப்போதாவது ஒரு அதட்டுப் போடுவாள் என்று காத்திருந்தார்கள். பவுடர் ஒற்றிக்கொண்டிருந்த கை நின்றது. மேவிஸ் அவள் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோரின் வாயைத் திறந்தாள். பிறகு கலகலவென்று சிரித்தாள்.

“என்ன டெஸ்மண்ட் நீங்க? மேவிஸ விடுங்களேன், பாவம்.”

ஆக்டன் லைட்டைப் பார்க்கத் திரும்பினார். டெஸ்மண்ட் நோட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டு தன் மடக்கு நாற்காலிக்குப் போனான்.

அதற்குப் பிறகு மேவிஸ் ஒன்பது படங்களில் அந்தக் கோட்டில் நின்றாள். ஒவ்வொரு படம் தொடங்கும்போதும், போ என்ற வார்த்தைக்காகக் கோரினின் முகத்தைப் பார்ப்பாள். கோரின் சிரித்து, கால் வலிக்கிறதா என்று விசாரிப்பாள். 1965இல் கோரின் ஹேல் நடிப்பை விட்டபோது ஸ்டுடியோவில் விருந்து வைத்தார்கள். அந்த ராட்சசன் இனியாவது அவளை நிம்மதியாக விடுவானா என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். டெஸ்மண்ட் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வளைய வந்தான். முப்பது வருடத்தில் கோரின் ஹேலின் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வந்து யாரும் கேட்டதில்லை என்று மறுநாள் பத்திரிகையில் போட்டிருந்தது. மேவிஸ் பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் படித்தாள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.